ரங்கூனில் ஒரு டிசம்பர்: கேள்வி பதில்

ஸ்தோத்திரம். தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கத்து ஆள் நான். ரங்கூனுக்கு வந்து 14 வருடம் ஆகிறது. டிசம்பர் ஊழியம் முடிந்து இப்போதுதான் நிதானமாக உட்கார நேரம் கிடைத்தது. நீங்கள் கேட்டவற்றில் எனக்குத் தெரிந்ததற்குப் பதில் எழுதுகிறேன். முதலில் ஒரு வேண்டுகோள்: இங்குள்ள சபை மக்களின் முகம் தெரிகிற படங்களையும் கிராமங்களின் பெயர்களையும் எங்கேயும் போடாதீர்கள். உங்களுக்கு அது ஒரு படம், அவர்களுக்கு விசாரணை.

அண்ணாச்சி, டிசம்பர் மாதம் உங்களுக்கு எப்படிப் போகும்? (சாயர்புரம்)

நவம்பர் 30 இரவிலேயே மாதம் தொடங்கிவிடும் தம்பி. டிசம்பர் பிறப்பதைப் பாட்டோடு வரவேற்பது இங்குள்ள கரேன் இன மக்களின் சபைகளில் வழக்கம். 'ஸ்வீட் டிசம்பர்' என்பார்கள். மழை விட்டு நெல் அறுப்பு நடக்கிற நேரம் இது. ஐராவதி டெல்டா பக்கத்து மண் ரோட்டில் மோட்டார் சைக்கிள் போக ஆரம்பிப்பதும் இப்போதுதான். ஜூனிலிருந்து தள்ளிப்போட்ட கிராமப் பயணங்கள் எல்லாம் இந்த நாலு வாரத்தில் வந்து குவியும்.

இந்த வருடம் முதல் வாரம் டெல்டாவில் பாத்தெயின் ஊர்ப் பக்கம் இரண்டு கிராமங்களுக்குப் போனேன், மூன்று பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள். திரும்பி வந்த மறுநாளே டலாவிலிருந்து ஒரு பாட்டி இறந்த செய்தி. பான்சொடான் துறையில் ஃபெர்ரி ஏறி ஆற்றைக் கடந்தால் டலா. 1964-இல் குடும்பம் முழுக்க இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, "என் பிள்ளையைப் புதைத்த மண்ணை விட்டு வரமாட்டேன்" என்று தங்கிவிட்டவர் அவர். அடக்க ஆராதனையில் தமிழ்ப் பாட்டைச் சேர்ந்து பாட நாலு பேர்தான் இருந்தோம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் கேரல் ரவுண்ட்ஸ். முன்பெல்லாம் விடிய விடியப் போவோம். 2021-க்குப் பிறகு ஊரடங்கு நேரம் பார்த்தே போக வேண்டியிருந்தது, இப்போதும் மத்தியானம் மூன்று மணிக்கே கிளம்பிவிடுகிறோம். கரண்ட் வருகிற நேரத்துக்குள் கீபோர்டு பேட்டரி, செல்போன், சோறு எல்லாம் முடித்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் 25 இங்கே அரசு விடுமுறை. ஆராதனை முடிந்ததும் பக்கத்து வீட்டுப் பௌத்தக் குடும்பங்களும் வந்து எங்களோடு சாப்பிட்டார்கள். அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகவே இந்த மாதம் முழுக்க அலையலாம்.

பத்து நாள் லீவில் வந்து ஊழியம் செய்யலாமா? (கோவை)

சுற்றுலா விசாவில் வந்து ஊழியம் செய்யாதீர்கள். சிக்கல் வந்தால் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். உங்களைத் தங்கவைத்தவர் இங்கேயேதான் இருக்க வேண்டும். ராத்தங்கும் விருந்தாளியை வார்டு ஆபீசில் சொல்லி வைக்க வேண்டிய நாடு இது.

ஜட்சன் மிஷனெரியின் தலையணைக் கதை உண்மையா? (பாளையங்கோட்டை)

உண்மைதான். ஆனால் கதையை அங்கிருந்து தொடங்கக் கூடாது. அதோனிராம் ஜட்சனும் அவர் மனைவி ஆனும் ரங்கூனுக்குக் கப்பலேறியது நம் சென்னையிலிருந்துதான், 1813 ஜூனில். கிழக்கிந்தியக் கம்பெனி பிடித்துத் திருப்பி அனுப்பிவிடும் என்ற பயத்தில், கிளம்பத் தயாராக நின்ற ஒரே கப்பலில் ஏறினார்கள். வழியில் ஆனுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. ஜூலை 13-ஆம் தேதி ரங்கூனில் இறங்கினார்கள்.

முதல் ஞானஸ்நானம் எப்போது தெரியுமா? 1819 ஜூன் 27. கிட்டத்தட்ட ஆறு வருடம்! இடையில் பாதிநேரம் பர்மிய எழுத்தோடும் பாலி மொழியோடும் போராட்டம். பிறகு வழிப்போக்கர் தங்குகிற சாவடி மாதிரி ஒன்று கட்டி, அதில் உட்கார்ந்து வருகிறவர்களோடு பேசினார். அதை இங்கே 'சயாத்' என்பார்கள். இந்த ஊர் மக்கள் பழகிய இடத்தில், அவர்கள் பழகிய விதத்தில் உட்கார்ந்ததுதான் அவர் செய்த பெரிய காரியம் என்பேன்.

1824-இல் ஆங்கிலேயப் போர் வந்ததும் அன்றைய தலைநகர் ஆவாவில் அவரைச் சிறையில் போட்டார்கள். அவர் பர்மியத்தில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். யாரும் ஆசைப்படக் கூடாதென்று வேண்டுமென்றே அதைக் கரடுமுரடாகச் செய்தார். கைதிகளை வேறு இடத்துக்கு மாற்றியபோது காவலர்கள் மேலுறையை எடுத்துக்கொண்டு உள்ளே இருந்ததை வீசிவிட்டார்கள். மாங் இங் என்ற விசுவாசி, ஜட்சன் ஞாபகமாக இருக்கட்டும் என்று அதை எடுத்து வைத்தார். உள்ளே என்ன இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. ஆன் 1826-இல் இறந்தார். முழு வேதாகமத்தின் மொழிபெயர்ப்பு 1834 ஜனவரி 31-இல் முடிந்தது. மேடையில் தலையணையைச் சொல்கிறவர்கள் அந்த ஆறு வருடத்தையும் சொல்ல வேண்டும்.

பர்மிய மொழி கஷ்டமா? (நாகர்கோவில்)

கஷ்டம்தான், ஆனால் மொழி வராமல் ஊழியம் வராது. ஒரே அசையை இழுத்தும் சட்டென்று முடித்தும் சொன்னால் வேறு வேறு அர்த்தம். நன்றி சொல்ல 'ஜேஸு தின் பா டே' என்பார்கள். வந்த புதிதில் சந்தையில் எல்லோரும் இயேசு பெயரைச் சொல்கிறார்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இயேசுவுக்கு இங்கே 'யேஷு'.

இன்னும் ஆழமானது கடவுளுக்கான சொல். 'பயா' என்றால் புத்தரும்தான், பகோடாவும்தான். அதோடு ஆண்டவர் என்ற பொருளில் 'தகின்' சேர்த்து, 'பயா தகின்' என்று வேதாகமத்தில் எழுதினார்கள். தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்களுக்கும் இதே பாடுதானே? சீகன்பால்கு சர்வேசுரன் என்றார், பப்ரிசியுஸ் பராபரன் என்றார், பிறகு தேவன் வந்தது.

ஒரு வாரம் மட்டும் டீமாக வரலாமா? (திருச்சி)

கோவைக்காரருக்குச் சொன்னதுதான்.

மிஷனெரிகள் போனபின் சபை எப்படி நின்றது? (மதுரை)

1966-இல் வெளிநாட்டு மிஷனெரிகளில் பெரும்பாலோரை வெளியேற்றினார்கள். ஆனால் கரேன் மக்களிடம் சுவிசேஷத்தைக் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் கோ தா பியூ என்ற கரேன்காரர். 1828-இலேயே ஞானஸ்நானம் எடுத்தவர். அன்றிலிருந்து சபையைச் சுமந்தது இந்த மண்ணின் ஆட்கள்தான்.

அரசியல் நிலவரம் பற்றி எழுதுங்கள். (மூன்று பேர்)

எழுதமாட்டேன். இங்கே இருப்பவர்களுக்கு ஆபத்து.

எங்கள் அப்பா 1964-இல் பர்மாவிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு வந்தவர். எங்கள் முன்னோர் கட்டிய கோயிலில் தமிழ் ஆராதனையைக் குறைத்துவிட்டீர்களாமே, நியாயமா? (வியாசர்பாடி)

ஐயா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. வந்த புதிதில் நானும் உங்களைப் போலத்தான் வாதாடினேன். ஒரு ஞாயிறு, பாவ அறிக்கையை அழகான தமிழில் மனப்பாடமாகச் சொன்ன ஒரு பிள்ளையிடம் அர்த்தம் கேட்டேன். ஒரு வரிக்கும் தெரியவில்லை. 1960-களின் நடுவில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு நம் பிள்ளைகள் பர்மியத்தில்தான் படிக்கிறார்கள்.

(அதே பெரியவர்) மலேசியாவில் தமிழைக் காப்பாற்றவில்லையா? நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள்.

மலேசியாவில் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன ஐயா. இங்கே சபைகளும் இந்துக் கோவில்களும் நடத்துகிற வகுப்புகள்தான் உண்டு.

(இடையில், ரங்கூனின் தாமுவே பகுதியில் பிறந்த ஒரு சகோதரி) எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. இந்தக் கேள்வியையே என் அம்மா சொல்லி ஒருவர் எழுதுகிறார். தமிழ்ப் பாட்டைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுகிறேன். நான் தமிழச்சி இல்லையா?

தமிழச்சிதான்மா, சந்தேகமே வேண்டாம். பெரியவர் இந்தக் கேள்வியை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது எங்கள் ஏற்பாடு: மாதத்தின் முதல் ஞாயிறு முழுவதும் தமிழ். மற்ற ஞாயிறுகளில் வேதவாசிப்பு இரண்டு மொழியிலும், பிரசங்கம் பர்மியத்தில். சனிக்கிழமை தமிழ் வகுப்பு, ஒன்பது பிள்ளைகள் வருகிறார்கள். பிரசங்கம் புரிகிற பிள்ளைதான் அடுத்த வருடமும் கோயிலுக்கு வரும். வந்தால்தானே தமிழும் சொல்லிக்கொடுக்க முடியும்?

(பெரியவர்) சரி, அந்த ஒன்பது பிள்ளைகளுக்கு என்ன வேண்டும்?

பெரிய எழுத்தில் அச்சடித்த அரிச்சுவடி, ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல். பார்சல் வேண்டாம். வருகிறவர் யாராவது இருந்தால் சொல்கிறேன், கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு நன்றி ஐயா.

ஐந்து நாள் வந்தால்? (சேலம்)

மேலே பாருங்கள்.

என் தாத்தாவை ரங்கூனில் அடக்கம் செய்தார்கள். கல்லறையைக் கண்டுபிடிக்க முடியுமா? (தஞ்சாவூர்)

ஊருக்குள் இருந்த பழைய கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றை அகற்றிவிட்டார்கள், அதனால் உறுதி சொல்ல முடியாதம்மா. ஆனால் எங்கள் சபையில் பழைய அடக்கப் பதிவேடு ஒன்று இருக்கிறது, கரையான் அரித்தது போக மிச்சம் வாசிக்கலாம். தாத்தாவின் பெயர், அவர் அப்பா பெயர், இறந்த வருடம், எந்தச் சபை என்று தனியாக எழுதி அனுப்புங்கள், எல்லோரும் பார்க்கிற இடத்தில் போட வேண்டாம். திங்கட்கிழமை பதிவேட்டை எடுத்துப் பார்க்கிறேன்.