சேவல் போன பிறகு இட்ட முட்டை

சேவலை விற்றுப் பத்து நாளாகிறது, இப்போது இடுகிற முட்டையை அடை வைக்கலாமா, முட்டைக்குள் ரோச் லைற் வெளிச்சம் அடித்தும் ஒன்றும் தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். புது முட்டையில் யார் அடித்துப் பார்த்தாலும் தெரியாது அண்ணை. சேவல் போனாலும் பேட்டுக்குள் விந்து இரண்டு கிழமையளவு உயிரோடு இருக்கும், அதனால் வைத்துப் பார்க்கலாம். சாப்பிடப் பொரிக்க உடைக்கிற முட்டையில் மஞ்சள் கருவின் மேலே பாருங்கள்: வெறும் வெள்ளைப் புள்ளி மட்டும் என்றால் கரு இல்லை, சுற்றி 4 மில்லிமீற்றர் அகலத்தில் வளையம் தெரிந்தால் கரு உண்டு. சரி, அடை வைத்துவிட்டால் 7ஆம் நாள் இரவு ரோச் அடியுங்கள், சிலந்திக் கால் மாதிரி சிவப்பு நரம்பு ஓடியிருக்கும். ஓடாததை எடுத்துவிடுங்கள். நான் ஒருமுறை பாவம் பார்த்து விட்டேன், கூழ்முட்டை வெடித்துக் கடகமே நாறிப்போனது.