பழைய லேப்டாப்பில் புது பிரவுசர்: கனம் எங்கே இருக்கிறது?

பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மகன் கல்லூரியில் படித்தபோது 2012-ல் அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் இருக்கிறது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், 2 ஜிபி ரேம். குரோம் திறந்தால் சூடாகி அப்படியே நின்றுவிடுகிறது. பேங்க் தளம் 'உங்கள் பிரவுசர் பழையது' என்கிறது. வேறு சில தளங்களில் 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று வருகிறது. லேசான பிரவுசர் ஏதாவது சொல்லுங்கள். மோடம் முகப்பில் இருக்கிறது, நான் உட்காருவது உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில்."

லேசான பிரவுசர் தேடி அலைய வேண்டாம். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது ஒரே குரோமியம் எஞ்சின்தான். கனம் நீங்கள் திறக்கும் பக்கத்தில் இருக்கிறது. ஒரு செய்தித் தளத்தைத் திறந்து பாருங்கள். செய்தி நாலு பத்திதான் இருக்கும். அதைச் சுற்றி விளம்பரங்கள், கேட்காமலே ஓடும் வீடியோ, நீங்கள் எங்கே கிளிக் செய்கிறீர்கள் என்று வேவு பார்க்கும் நிரல்கள். எந்த பிரவுசரில் திறந்தாலும் அத்தனையும் உங்கள் 2 ஜிபிக்குள்தான் வந்து உட்காரும்.

பேங்க் தளம் சொல்வது வேறு விஷயம். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. அதில் ஓடும் கடைசி குரோம் 109, அது 2023 ஜனவரியில் வந்தது. ஃபயர்ஃபாக்ஸில் 115-ம் பதிப்போடு சரி. அதற்கும் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தவணை தவணையாக நீட்டித்துக் கொடுத்தார்கள். அதனால் பிரவுசரை எத்தனை முறை அழித்து மறுபடி போட்டாலும் பேங்க் அதே பாட்டைத்தான் பாடும். மாற்ற வேண்டியது அடியில் இருக்கும் விண்டோஸை. அதுவரை இந்த லேப்டாப்பில் பணப் பரிமாற்றம் வேண்டாம், போனிலேயே செய்துகொள்ளுங்கள்.

'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்பதற்கு முதலில் திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அது பல வருஷம் பின்னால் போய் நின்றால், உள்ளே கடிகாரத்தை ஓட வைக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சட்டைப் பொத்தான் அளவுள்ள வட்டமான பேட்டரி. பெரும்பாலும் சிஆர்2032, சில மாடல்களில் ஒயரோடு ஒட்டியிருக்கும். தான் உண்மையான தளம்தான் என்று காட்ட ஒவ்வொரு தளமும் ஒரு சான்றிதழை நீட்டும். அதற்குத் தொடங்கும் தேதி, முடியும் தேதி உண்டு. கம்ப்யூட்டர் கணக்கில் இன்னும் 2010 என்றால் எல்லாச் சான்றிதழும் 'இன்னும் பிறக்காத' சான்றிதழ்தான், பிரவுசர் மறுக்கத்தான் செய்யும். தேதி சரியாகவே இருந்தும் எச்சரிக்கை வந்தால், தளங்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்க விண்டோஸிடம் இருக்கும் மூலச் சான்றிதழ்கள் பழசாகியிருக்கலாம். பல தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-ல் காலாவதியானது. அன்றைக்கு எத்தனையோ பழைய கருவிகளில் தளங்கள் திறக்காமல் போயின. ஃபயர்ஃபாக்ஸ் தன் சான்றிதழ்களைத் தானே வைத்துக்கொள்கிறது, அதனால் அதில் இந்தத் தொல்லை குறைவு.

அப்புறம் ரேம். 'ஸ்டார்ட்டர்' என்பது விண்டோஸ் 7-ன் ஆகச் சிறிய பதிப்பு. அது பழைய 32-பிட் வகை மட்டும்தான் (இப்போதைய கம்ப்யூட்டர்கள் 64-பிட்), 2 ஜிபிக்கு மேல் ரேமை ஏற்காது. அதை வைத்துக்கொண்டு 4 ஜிபி வாங்கிப் போட்டால் காசு வீண். ஆனால் மேலே 32-பிட் விண்டோஸ் ஓடுகிறது என்பதற்காகப் பிராசசரும் 32-பிட்டாக இருக்க வேண்டும் என்றில்லை. 2012 வாக்கில் வந்த லேப்டாப்களில் பெரும்பாலும் 64-பிட் பிராசசர்தான். அதன் பெயரைப் பார்த்து இன்டெல் தளத்தில் தேடினால் தெரிந்துவிடும்.

64-பிட் என்றால் என் யோசனை இது. ரேமை 4 ஜிபி ஆக்குங்கள், ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சாதாரண 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் எஸ்எஸ்டி. ரேம் நிரம்பினால் கம்ப்யூட்டர் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். சுழலும் பழைய டிஸ்க்கில் அதுதான் நீங்கள் பார்க்கும் 'அப்படியே நின்றுவிடுவது'. காரைக்குடியில் சர்வீஸ் கடைகளுக்குப் பஞ்சமில்லை. போகும்போது பழைய ரேமைக் கழற்றிக் கையில் கொண்டு போங்கள், அப்படியே மின்விசிறித் தூசியையும் தட்டச் சொல்லுங்கள். கடையில் 'விண்டோஸ் 10 போட்டுத் தருகிறேன்' என்பார்கள். வேண்டாம். அதற்கும் 2025 அக்டோபர் 14-ல் ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்த பிராசசரை முறைப்படி ஏற்காது.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். இலவசம். 8 ஜிபி பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். அதுவரை உள்ளே இருப்பதில் கை வைக்காது. வைஃபை, சவுண்டு, கேமரா மூன்றும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். பென் டிரைவிலிருந்து ஓடும்போது மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து வேகத்தை எடை போடாதீர்கள். தமிழ்99-ல் தட்டச்சும் செய்யலாம்.

அதில் ஃபயர்ஃபாக்ஸ் கூடவே வருகிறது, பாதுகாப்புத் திருத்தங்களும் தொடர்ந்து வரும். முதல் வேலையாக யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியை (பிரவுசரோடு சேர்க்கும் துணை நிரல்) சேருங்கள். மேலே சொன்ன விளம்பரக் கூட்டத்தை வாசலிலேயே நிறுத்துவது அதுதான். குரோம் இப்போது அதன் முழுப் பதிப்பை ஏற்பதில்லை, நான் ஃபயர்ஃபாக்ஸ் பக்கம் சாய்வதற்கு அதுவே போதும். யூடியூப் திக்கினால் காரணம் வீடியோவைச் சுருக்கும் முறை. யூடியூப் அனுப்பும் விபி9, ஏவி1 இரண்டையும் அந்தக் காலத்து கிராஃபிக்ஸ் சிப் பிரிக்காது, முழுப் பாரமும் பிராசசர் தலையில் விழும். எச்264ஐஃபை என்ற நீட்சி, சிப்புக்குத் தெரிந்த எச்.264 முறையிலேயே வீடியோவைக் கேட்டு வாங்கும். தரத்தை 480-ல் வைத்தால் இன்னும் நிம்மதி.

இரண்டாம் கட்டு விஷயத்தை மறந்துவிடவில்லை. செட்டிநாட்டு வீட்டுச் சுவரின் கனத்தில் வைஃபை பாதியாகத் தேய்ந்துதான் உள்ளே வரும். லேப்டாப்பை ஒருநாள் முகப்புக்கே கொண்டுபோய் மோடம் பக்கத்தில் வைத்து அதே தளங்களைத் திறந்து பாருங்கள். அங்கே வேகமாக இருந்தால் குற்றம் பாதி சுவர் மேல். மோடத்திலிருந்து ஒரு லேன் கேபிளை இழுத்துவிடுங்கள், பழைய லேப்டாப்களில் அதற்கான துளை இருப்பது ஒரு வசதி.

டாலியில் கணக்கு எழுதுபவராகவோ, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்துபவராகவோ இருந்தால் மின்ட்டுக்கு மாறுமுன் யோசியுங்கள். அவை விண்டோஸை நம்பியவை. கழற்றிய ஹார்டு டிஸ்க்கை அழிக்காமல் ஒரு யுஎஸ்பி பெட்டியில் போட்டு வையுங்கள், படங்களெல்லாம் அதில் பத்திரமாக இருக்கும். பிராசசர் 32-பிட்தான் என்று தெரியவந்தால் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். லினக்ஸில்கூட 32-பிட் ஃபயர்ஃபாக்ஸ் 2025-ல் 144-ம் பதிப்போடு நின்றுவிட்டது. அந்தச் செலவில் எட்டாம் தலைமுறை பிராசசர் உள்ள பழைய லேப்டாப் ஒன்றைத் தேடுங்கள், விண்டோஸ் 11-ஏ ஓடும்.