வாசகர் கேள்வி - பதில்: களிம்பும் பொருக்கும்

கேள்வி: இரும்பைத் துரு தின்றுவிடுகிறது, செம்பின் பச்சைக் களிம்போ அதைக் காக்கிறது என்கிறார்கள். இரண்டும் காற்றும் ஈரமும் செய்கிற வேலைதானே? பழைய வெண்கலச் சிலையில் படிந்த களிம்பைச் சுரண்டி எடுக்கலாமா?

பதில்: வேலை ஒன்றுதான், விளைபொருள் வேறு. துருவாக மாறும் இரும்பின் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகுவதால், துரு அடி உலோகத்தோடு ஒட்டி நிற்க மாட்டாமல் ஏடு ஏடாகப் பிளந்து உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் புது இரும்பு காற்றுக்கு இரையாகிறது. செம்பிலோ முதலில் செம்பழுப்பான ஆக்சைடு ஏடு ஒன்று உலோகத்தை இறுகப் பற்றிக்கொள்ள, அதன்மேல் கந்தகச் சேர்மங்களும் ஈரமும் பல ஆண்டுகளாகச் சேர்ந்து பச்சைப் படலத்தை உண்டாக்குகின்றன. (களிம்பு செம்போடு உடன்பிறந்தது என்பது சைவ சித்தாந்த உவமை, வேதியியலுக்கு அது வெளியிலிருந்து வந்ததுதான்.)

இரண்டையும் ஒருசேரக் காட்டுவது நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலை. 1886-இல் திறக்கப்பட்ட அதன் செப்புத் தகட்டின் தடிமன் சுமார் 2.4 மில்லிமீட்டர், களிம்பின் அடியில் நூறு ஆண்டுகளில் அது இழந்தது ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். ஆனால் உள்ளே தகட்டைத் தாங்கிய இரும்புப் பட்டைகள் துருவேறி உப்பி, செப்புத் தகட்டின் தறையாணிகளையே பிடுங்கிவிட்டன. 1980-களில் நடந்த பழுதுபார்ப்பில் அந்தப் பட்டைகளை மாற்றினார்கள், களிம்பை விட்டுவைத்தார்கள்.

ஆகவே கெட்டியாக, வழவழப்பாக ஒட்டியிருக்கும் களிம்பைத் தொடாதீர்கள். மண்ணிலிருந்து எடுத்த சிலைகளில் சிற்பியின் உளி தொட்ட மேற்பரப்பு பெரும்பாலும் அந்தப் பொருக்கிலேயே பதிந்திருக்கும்; சுரண்டினால் முகக்களையும் போய்விடும். வெளிர்பச்சைப் புள்ளிகள் தோன்றி, நகம் பட்டால் பொடியாக உதிர்ந்து, துடைத்த பின்னும் திரும்ப வருமானால் அது வேறு: ‘வெண்கல நோய்’ என்கிற குளோரைடு அரிப்பு. ஈரம் பட்டால் அமிலம் சுரந்து உலோகத்தைக் குடையும். சிலையை ஈரமற்ற பெட்டியில் வைத்து, பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சுண்ணாம்புக்கல் சுவரின் கறுத்த பொருக்கு கல்லைவிடக் கடினமாக இருக்கிறதே, அதுவும் காப்புதானா?

பதில்: அன்று. காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடு கல்லை ஜிப்சமாக மாற்றுகிறது; அதில் புகைக்கரி சிக்கிக் கறுத்துப்போகிறது. மழை கழுவும் பக்கம் வெளுத்தும், இறவாரத்தின் அடிப்பகுதி கறுத்தும் இருப்பது இதனால்தான். பொருக்கை மெல்லத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தால் அடியிலுள்ள கல் ஏற்கெனவே மாவாகியிருக்கும்.