3, 5 மடங்குகளின் கூடுதலை லூப் போடாமல் (நிரலில் ஒவ்வொரு எண்ணாகச் சோதித்துக் கூட்டாமல்) சூத்திரத்தில் கண்டுபிடிப்பது ஏமாற்று வேலையா?

ஏமாற்று வேலை என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள். எனக்கும் சொன்னார்கள்.

நிரல் எழுதித் தீர்க்கும் கணக்குப் புதிர்த் தளமான பிராஜெக்ட் ஆய்லரின் முதல் கணக்குதானே இது? 1000-க்குக் குறைந்த எண்களில் 3 அல்லது 5-ஆல் வகுபடுகிறவற்றைக் கூட்ட வேண்டும். கல்லூரிக் கடைசி வருடம் ஒரு நேர்முகத் தேர்வில் இதைத்தான் தாளில் எழுதச் சொன்னார்கள். 3-இன் மடங்குகள் 333, ஆக 3 × 333 × 334 / 2 = 1,66,833. 5-இன் மடங்குகள் 199, கூடுதல் 99,500. 15-இன் மடங்குகள் இரண்டு பக்கமும் வந்துவிடுவதால் அந்த 33,165-ஐ ஒரு தடவை கழித்தால் 2,33,168. நாலு வரிதான். எதிரே இருந்தவர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "லூப் எங்கப்பா? மனப்பாடம் பண்ணிட்டு வந்துட்டியா?" பத்தாம் வகுப்புக் கூட்டுத்தொடர் சார் என்றேன். சிரிக்கக்கூட இல்லை, வேலையும் கிடைக்கவில்லை. (என் இங்கிலீஷும் காரணமாக இருந்திருக்கலாம், அது வேறு கதை.)

இதில் வேடிக்கை, அந்தப் பத்தாம் வகுப்பிலேயே விடை சரியாக இருந்தும் "ஸ்டெப் எங்கே" என்று 5-க்கு 2 மார்க் போட்டவரிடம்தான் கணக்கு படித்தேன். அம்மா பேப்பரில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றது வரை ஞாபகம் இருக்கிறது. அங்கே ஸ்டெப் கேட்டார்கள், இங்கே லூப்.

லூப் போடுகிறவர்களைக் கேவலப்படுத்துகிறேன் என்று யாரும் கிளம்பி வராதீர்கள். 1000 வரைக்கும் எப்படிப் போட்டாலும் ஒன்றுதான். நிரல் எழுதிப் பழகும் தளமான ஹேக்கர்ரேங்கில் இதே கணக்கு 100 கோடி வரை போகும், அதுவும் ஒரு லட்சம் தடவை கேட்பான், அங்கே லூப் நேரத்துக்குள் முடியாது.

உங்களுக்கு 2,66,333 வந்திருந்தால் 15-ஐக் கழிக்கவில்லை. 2,34,168 என்றால் 1000-ஐயும் சேர்த்துக் கூட்டிவிட்டீர்கள். அப்புறம் சி, ஜாவாவில் எழுதினால் இன்ட் (சுமார் 214 கோடி வரைதான் பிடிக்கும் எண் வகை) வேண்டாம், அதைவிடப் பெரிய லாங் போடுங்கள் (சி என்றால் லாங் லாங்). 1 முதல் n வரை கூட்டும் வெறும் n(n+1)/2-க்கே, n 46,341 ஆனதும் விடை 107 கோடிதான், இன்ட்டில் தாராளமாக அடங்கும். ஆனால் 2-ஆல் வகுப்பதற்கு முன்னாலேயே பெருக்கல் 214 கோடியைத் தாண்டி மைனஸில் போய் நிற்கும். பைத்தான்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்கள் / போடாமல் // (முழு எண் வகுத்தல்) போட்டால் போதும்.