பிறந்த தேதிக்கு வந்த எண்: 1969 குலுக்கல் பற்றிய கேள்வி பதில்

வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க அமெரிக்கா 1969-இல் பிறந்த தேதிகளைக் குலுக்கிப் போட்டது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். அமெரிக்காவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தபோது, அந்தக் குலுக்கலில் எண் வந்த சிலர் என் நண்பர்களாக இருந்தார்கள்.

மதுரை மாணவர்: எப்படி நடத்தினார்கள், ஐயா?

1969 டிசம்பர் 1 இரவு, வாஷிங்டனில், தம்பி. ஒரு கண்ணாடி ஜாடி நிறைய 366 நீல பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஒரு தேதி. 1944 முதல் 1950 வரை பிறந்த ஆண்களுக்கான குலுக்கல் அது. அலெக்சாண்டர் பிர்னி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் எடுத்த முதல் குப்பியில் செப்டம்பர் 14 இருந்தது. அன்று பிறந்தவர்கள் எல்லோருக்கும் எண் 1. எண் சிறியதானால் அழைப்பு முதலில் வரும். கடைசி எண் ஜூன் 8-க்கு.

சேலம் ஆசிரியை: குலுக்கல் என்றால் பாரபட்சம் இல்லைதானே?

இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை, அம்மா. மாத வரிசையில் போட்ட குப்பிகளைச் சரியாகக் கலக்கவில்லை. எல்லாம் சமமாக இருந்திருந்தால் ஒரு மாதத்தின் சராசரி எண் 183-ஐ ஒட்டி வந்திருக்கும். டிசம்பருக்கு வந்தது ஏறக்குறைய 121. ஆண்டுக் கடைசியில் பிறந்த பிள்ளைகள் முன்னால் நிறுத்தப்பட்டார்கள். கல்லூரியில் படித்தவர்களுக்குப் படிப்பு முடியும்வரை அழைப்பைத் தள்ளிப்போடத் தவணை கிடைத்தது, படிக்க வசதியில்லாதவனுக்கு அதுவும் இல்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது.

கோவை வாசகர்: எந்த எண் வரை அழைத்தார்கள்?

195 வரை. ஆனால் அந்த இரவில் அது யாருக்கும் தெரியாது. 150 வந்தவன் மாதக்கணக்கில் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தான்.

திருநெல்வேலி மாணவர்: எண் வந்தவர்கள் உங்களிடம் என்ன சொன்னார்கள்?

ஒருவர் சொன்னதைச் சொல்கிறேன். விடுதிக் கூடத்தில் ஒரே தொலைக்காட்சி, அதைச் சுற்றி நாற்பது பையன்கள். அறைத்தோழனின் தேதி முப்பதுக்குள்ளேயே வந்துவிட்டது. அவருக்கோ 311. வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்ல ஓடினார். திரும்பி வந்தபோது அறைத்தோழன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். "அம்மாவிடம் சொல்லிவிட்டாயா?" என்று மட்டும் கேட்டான். பட்டம் வாங்கியதும் அவனுக்கு ஓலை வந்தது. போனான், உயிரோடு திரும்பினான். இருவரும் பிறகு எத்தனையோ முறை சந்தித்தும் அந்த இரவைப் பற்றிப் பேசியதே இல்லையாம். என்னிடம் சொல்லும்போது தோழனின் எண்ணைத்தான் முதலில் சொன்னார், தன் எண்ணைப் பிறகு.

சென்னை வாசகர்: அங்கே குடியேறிய நம்மவர்களையும் அழைக்க முடிந்ததா?

நிரந்தரமாக வசிக்க அனுமதிக்கும் அட்டை (கிரீன் கார்டு) வைத்திருந்தால் முடிந்தது. மாணவர் விசாவில் இருந்தவர்களுக்கு அந்தக் கடமை இல்லை.

தஞ்சாவூர் வாசகி: இப்போதும் அந்தச் சட்டம் இருக்கிறதா?

கட்டாய ஆள்சேர்ப்பு 1973-இல் நின்றது. ஆனால் 1980-இல் பெயர்ப் பதிவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 18 வயதான ஆண்கள் பதிய வேண்டும் என்றார்கள். என் மகனும் பதிந்தான். சமையலறை மேசையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினான். பிறந்த தேதிக்கான கட்டத்தில் அவன் எழுதி முடிக்கும்வரை என்னால் வேறு எங்கும் பார்க்க முடியவில்லை.