மண்ணின் ஈரம் மழையை மாற்றுமா?

கேள்வி: மண்ணின் ஈரம் வானிலையை மாற்றும் என்கிறார்களே, இதைச் செயற்கைக்கோள்கள் எவ்வாறு கண்டறிகின்றன?

பதில்: தரையில் விழும் சூரிய ஆற்றல் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதே இதில் முக்கியம். ஈரமண்ணில் அதன் பெரும்பகுதி நீரை ஆவியாக்கச் செலவாகிக் காற்றில் ஈரப்பதத்தைச் சேர்க்கிறது. வறண்ட நிலத்திலோ அது தரையையும், அதன் வழியே காற்றையும் சூடாக்கி, தரையை ஒட்டிய காற்றடுக்கை மேலும் உயரமாக வளரச் செய்கிறது.

2009இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஸ்மோஸும், 2015இல் ஏவப்பட்ட நாசாவின் ஸ்மாப்பும் ஆகிய செயற்கைக்கோள்கள், மண் இயல்பாகவே உமிழும் நுண்ணலைகளை 1.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பதிவு செய்கின்றன. ஈரம் கூடினால் இந்த உமிழ்வு குறையும். மேகம் இதற்குத் தடையில்லை என்றாலும், மேல்மண்ணில் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம் வரையிலான ஈரமே தெரியும். வேர்கள் உறிஞ்சும் ஆழத்து நீரைக் கணினி மாதிரிகளைக் கொண்டுதான் மதிப்பிட வேண்டும். தரையின் வெப்பநிலையை டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களிலுள்ள மோடிஸ் கருவி அகச்சிவப்புக் கதிர்களால் அளக்கிறது. ஆனால் இக்கதிர்களை மேகம் மறைத்துவிடும்; மேகம் உருவாவதை ஆராயப் புகுந்தவருக்கு மேகமே தடையாவது சங்கடம்தான்.

ஈரமான இடத்தில்தான் மழை பெய்யும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் 2012இல் வெளியான, செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு உலகளவில் நடந்த ஓர் ஆய்வு, சுற்றுப்புறத்தைவிட வறண்ட மண்ணின் மேல்தான் பிற்பகல் மழை கூடுதலாகத் தொடங்குகிறது என்று காட்டியது. வறண்ட பகுதியில் சூடான காற்று மேலெழ, ஈரமான பக்கத்துக் காற்று அங்கே நகர்வது இதற்கு ஒரு விளக்கம். இது பல கிலோமீட்டர் அளவிலான வேறுபாடுகளுக்கே பொருந்தும். பரந்த வட்டாரம் முழுவதும் வறண்டிருந்தால் மழை கூடும் என்று இதிலிருந்து கொள்ளக்கூடாது.