மாடி வீட்டுக் கடுகெண்ணெய் நெடி: பதில்
சிகிச்சைக்காக வேலூருக்கு வந்து உங்கள் மாடியில் வாடகைக்குத் தங்கியிருக்கும் வங்காளக் குடும்பம், கடுகெண்ணெய் நெடியைக் கிளப்பி வேண்டுமென்றே உங்கள் வெள்ளிக்கிழமைப் பூசையைக் கெடுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது வேண்டுமென்று செய்வதல்ல. கடுகெண்ணெயைப் புகையும்வரை காய்ச்சி, நெடி தணிந்த பிறகே மீனை இடுவது அவர்களுடைய சமையல் முறை.

பழக்கம் வேறுபடுவதால் மட்டும் சண்டை மூள்வதில்லை. ஒருவருடைய அன்றாடச் செயலில் மற்றவர் உள்நோக்கம் காணும்போதே மூள்கிறது. நம் வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்கு, நெற்றிக் குறியையும் தாடியையும் விலக்கிப் புதுத் தலைப்பாகையைத் திணித்த ஆணை ஒரு முக்கியக் காரணம். ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அது சீருடை ஒழுங்கு, சிப்பாய்களுக்கோ மதமாற்றத்தின் முதல் படி. (ஆங்கிலேயரை எதிர்த்த மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் பிள்ளைகள் அங்கே காவலில் இருந்ததும் சேர்ந்துகொண்டது.)

பூசை நேரத்தைச் சொல்லி, அந்த ஒரு மணி நேரம் மட்டும் தாளிப்பைத் தள்ளிவைக்க முடியுமா என்று நேரில் கேட்டுப் பாருங்கள். ஆஸ்பத்திரிப் பக்கத்து லாட்ஜ்களில் புழங்கும் அரைகுறை இந்தியே போதும்.

ஆனால் தகராறின் வேர் தண்ணீர் மோட்டாரிலோ வாடகை முன்பணத்திலோ இருந்தால், இந்தப் பேச்சு உதவாது. வீட்டை வாடகைக்கு விடும்போது சொல்லாத மீன் தடையை இப்போது விதிப்பதும் நியாயமில்லை.